கிணற்றடியில் கேட்ட சத்தம்

எனக்குப் பேய் பிடித்திருந்தது என்று ஊரில் சொன்னார்கள். அப்போது எனக்குப் பதினோரு வயது. இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் வயதானவர்கள் யாராவது என்னைக் காட்டி, "இதுக்குச் சின்ன வயசுல காத்துக் கருப்பு அண்டியிருந்துச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது காதில் விழும். நான் எழுந்து போய், அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி உட்காருவேன். இந்த வயதில் அதெல்லாம் எதற்கு என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். எதற்கு என்றால், அது பொய் என்பதற்காக.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஆலங்குடியிலிருந்து மூன்று மைல் உள்ளே எங்கள் ஊர். கடலை போடுகிற கொல்லை ஒன்று எங்களுக்கு இருந்தது. அதன் மேற்குக் கோடியில் மாடு கட்டி நீர் இறைக்கிற கமலைக் கிணறு. கிணற்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தென்னை. வீட்டில் அப்பா, ஆத்தா, நான், நான்கு வயதுத் தம்பி. அப்பாவின் அக்காவும் எங்களோடு இருந்தார். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். தாயில்லாமல் போன அப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அவர்தான். அதனால் அத்தையின் சொல்லை அப்பா தட்டி நான் பார்த்ததில்லை.

அது உலக யுத்தம் நடந்த சண்டைக்காலம். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் பஞ்சம். ஆனால் அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து, கார்த்திகையில் கடலை நல்ல காய்ப்பு. செடியைப் பிடுங்கிக் குவித்து, ஆளும் பெண்ணுமாக நிழலில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டு, "தம்பியப் பாத்துக்க தாயி. கெணத்துப் பக்கம் விட்டுறாத" என்றார். அந்தக் கிணற்றுக்கு அப்போது சுற்றுச்சுவர் கிடையாது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கொஞ்ச நேரம். பிறகு பக்கத்துக் கொல்லைப் பெண் ஒருத்தி வந்தாள். இரண்டு பேரும் வேலி ஓரம் உட்கார்ந்து சொட்டாங்கல் ஆட ஆரம்பித்தோம். தம்பி ஒரு கடலைச் செடியை மாடாகப் பாவித்து இழுத்துக்கொண்டு எங்களைச் சுற்றி வந்தான். ஐந்து கல்லையும் மேலே எறிந்து புறங்கையில் ஏந்துகிற கட்டம் எனக்கு. அப்போது மேற்கே 'தொப்'பென்று ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். என் ஆட்டத்தை முடித்தேன். அதற்கப்புறம்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தம்பி பக்கத்தில் இல்லை.

இரண்டு பேர் குதித்து அவனை எடுத்தார்கள். உயிர் இல்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நாட்களில் நினைத்திருக்கிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவனுடைய சட்டைகளை அத்தை ஒரு மூட்டையாகக் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டார். பேரை யாரும் சொல்வதில்லை. ஆத்தா சமைத்தாள், அப்பா கொல்லைக்குப் போனார். அந்த வீட்டில் அப்படி ஒரு பையன் இருந்ததே இல்லை என்பதுபோல் எல்லோரும் நடமாடினார்கள். ஒரே ஒரு தடவை, நான் கொல்லைப்புறம் இருக்கிறேன் என்று தெரியாமல் அத்தை ஆத்தாவிடம், "பொட்டப்புள்ளய நம்பி விட்டமே" என்றார். ஆத்தா பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் சொல்லாமை என்னைக் குத்தியது.

நான் பேசுவதை நிறுத்தினேன். வீம்புக்கு நிறுத்தவில்லை. வாயைத் திறந்தால் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் வெளியே வரும் என்று பயம். சத்தம் கேட்டும் போகாமல் ஆட்டத்தை முடித்தவள் நான் என்பது யாருக்கும் தெரியாது. தெரியவிடக் கூடாது என்று இருந்தேன்.

இன்னொன்றும் வந்தது. வீட்டில் எது விழுந்தாலும், குடம் உருண்டாலும், உரலில் உலக்கை நழுவினாலும், நான் எழுந்து ஓடுவேன். தெருவைத் தாண்டி, கொல்லையைத் தாண்டி, நேரே கிணற்றுக்கு. விளிம்பில் நின்று உள்ளே பார்ப்பேன். தண்ணீர் அசையாமல் இருந்தால் திரும்பி வந்துவிடுவேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை. உச்சி வெயிலிலும் ஓடியிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. செத்துப்போன பையன் அக்காவைக் கிணற்றுக்குள் கூப்பிடுகிறான் என்றார்கள். ஏன் ஓடுகிறாய் என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. எனக்கு என்ன என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தை மாதம் அத்தை பேயோட்டுகிற ஒரு கோடாங்கியை வரவழைத்தார். மூன்று வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

முதல் வெள்ளிக்கிழமை என்னை நடுவீட்டில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே உடுக்கை அடித்தார். வேப்பிலையால் தலையில் தட்டித் தட்டி, "யாரு நீ? பேரச் சொல்லு" என்றார். நான் பேசவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை பிரம்பு வந்தது. முதுகில் நாலு விழுந்த பிறகு அதே கேள்வி.

"யாரு நீ? எங்கேருந்து வந்து இந்தப் புள்ளயப் பிடிச்ச?"

"நான் இந்த வீட்டுப் புள்ளதான்" என்றேன்.

இரண்டு மாதமாகப் பேசாதவள் பேசிவிட்டேன். ஆனால் அது அவருக்கு வேண்டிய பதில் இல்லை. பேய் தந்திரமாகப் பேசுகிறது என்றார். அத்தை என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிரு ஆயி, தம்பிதான்னு சொல்லிரு. வலியில்லாமப் போயிரும்" என்று அழுதார். அத்தை என்னைத் துன்புறுத்த நினைத்தவர் அல்ல. அதையும் நான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஆனால் தம்பி பேரை நான் சொல்லவே இல்லை. உயிரோடு இருந்தபோது ஓர் எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போன பையன். அவனைப் பேய் என்று என் வாயால் சொல்லச் சொன்னார்கள். அடித்துக் கொன்றாலும் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். என் உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிடித்து மரத்தோடு வைத்து ஆணி அடித்தார் கோடாங்கி. பேய் அதோடு நின்றுவிடும், என்னை மட்டும் இழுத்து எடுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. இழுத்தார்கள். முடி அறுபடவில்லை, தோலோடு கிழிந்தது. நெற்றியில் ரத்தம் இறங்கிக் கண்ணை மறைத்தது. அந்த ரத்தத்தின் ஊடே ஆத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வருவது தெரிந்தது. அதுவரை அவள் தள்ளியே நின்றிருந்தாள்.

"போதும், நிறுத்துங்க" என்றாள்.

"மதினி பேச்சக் கேளு, பாதியில விட்டா வெளங்காது" என்று அத்தையைக் காட்டி யாரோ ஒரு பெண் சொன்னாள்.

"எம்புள்ள ஒண்ணு போயிருச்சு. இன்னொண்ண நீங்க எடுத்துக்க நான் விட மாட்டேன்." சொல்லிவிட்டு என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். அப்பா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். எங்களோடும் வரவில்லை, எங்களைத் தடுக்கவும் இல்லை.

வீட்டில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தார்கள். புண் ஆறவில்லை, சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் காலையில் ஆத்தா புடவை மாற்றிக்கொண்டு, "புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இவளக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அத்தை, "ஆம்பள தொணையில்லாமயா?" என்றார். ஆத்தா என் கையைப் பிடித்தாள். ஆலங்குடி வரை நடந்தோம், நடக்க முடியாத இடத்தில் என்னைச் சுமந்தாள். அங்கிருந்து கரி பஸ். சண்டைக்காலத்தில் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உருளை அடுப்பு, அதில் கரியைப் போட்டு எரித்து அந்தப் புகையில் ஓட்டுவார்கள். மேட்டில் ஏறாது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். என்னை உள்ளே படுக்க வைத்துவிட்டு ஆத்தாவும் இறங்கித் தள்ளினாள்.

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற அறையில் ஒரு நர்ஸம்மா இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பருத்த உடம்பு, குட்டைக் கழுத்து, எப்போதும் கொஞ்சம் மூச்சிரைப்பு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேச்சு இழுவையாக இருக்கும். தலையைப் பார்த்துவிட்டு, "இது எப்படி ஆச்சு?" என்று ஆத்தாவைக் கேட்டார். ஆத்தா மறைக்காமல் சொன்னாள். நர்ஸம்மா ஆத்தாவைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வாரம் ஒரு மட்டம் கூட்டிட்டு வாங்க. செவ்வாக்கிழமை" என்றார்.

நாலு செவ்வாய்க்கிழமை போனோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்ட எதற்கும் தலைகூட ஆட்டவில்லை. பெரியவர்கள் கேட்கிற கேள்வியெல்லாம் கடைசியில் 'பேரைச் சொல்லு' என்றுதான் முடியும் என்று எனக்குப் பட்டிருந்தது. அவரும் விட்டுவிட்டார். கட்டுப் போட்டு முடிந்த பிறகு, துவைத்துக் காய்ந்த கட்டுத்துணிகளை என் முன்னால் வைத்து, "சுத்தித் தாரியா?" என்பார். அவர் ஒன்று சுற்றுவார், நான் ஒன்று சுற்றுவேன். ஆத்தா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள்.

ஐந்தாவது தடவை, அடுத்த அறையில் யாரோ ஒரு தகரத் தொட்டியைக் கீழே போட்டார்கள். நான் எழுந்து ஓடிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்ததை முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்து எட்டிப் பார்த்தேன். பின்னால் மூச்சிரைக்க நர்ஸம்மா வந்தார். என்னை இழுக்கப் போகிறார் என்று சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் இழுக்கவில்லை. பக்கத்தில் வந்து அவரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். நன்றாக, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் பார்த்தார்.

"யாரும் இல்லியே" என்றார். "நீ பாரு, ஒனக்கு யாராச்சும் தெரியுதா?"

நான் இல்லை என்று தலையசைத்தேன்.

"யாரத் தேடுத?"

அவ்வளவுதான் கேள்வி. யார் நீ என்று கேட்கவில்லை. 'தம்பிய' என்றேன். சொன்னதும் அழுகை வந்தது. அழாதே என்று அவர் சொல்லவில்லை. கிணற்றடியிலேயே உட்கார்ந்து, அழுது முடிகிறவரை பக்கத்தில் இருந்தார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "செத்த பொறுங்க, வேலையா இருக்கேன்" என்று குரல் கொடுத்தார்.

அன்றைக்கு ஆத்தாவிடம் அவர் பேசியதை நானும் கேட்டேன். நான் கேட்க வேண்டும் என்றே என் முன்னால் பேசினார்.

"புண்ணு ஆறிட்டு. ஆனாலும் செவ்வாக்கிழமை கூட்டிட்டு வாங்க."

"மருந்து குடுப்பீங்களா?"

"மருந்து இல்ல. பேசுவோம். அவ பேசுவா, நான் கேப்பேன்."

"பேசினா சரியாயிருமா?"

"தெரியல. பேசாம இருந்து சரியாகலியே. ஒரு விஷயம், உள்ள என்ன பேசினன்னு பஸ்ஸுல வச்சுக் கேக்காதீங்க. அவளாச் சொன்னா முழுசாக் கேளுங்க. நடுவுல எதுவும் சொல்லிராதீங்க, ஆறுதல்கூட. அப்புறம் இன்னொண்ணு. அந்தப் பையன் பேர வீட்டுல யாராச்சும் சொல்லுதீங்களா?"

ஆத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இல்ல" என்றாள்.

"சொல்லுங்க" என்றார் நர்ஸம்மா.

அன்று இரவுச் சோற்றுக்கு ஆத்தா கத்தரிக்காய் வைத்திருந்தாள். எனக்குப் பரிமாறிக்கொண்டே தம்பி பேரைச் சொல்லி, "அவனுக்குக் கத்திரிக்கான்னா ஆகாது. தட்டுலேருந்து எடுத்து ஒந்தட்டுல போட்டுருவான்" என்றாள். அத்தை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. ஆத்தா நிறுத்தவில்லை. "ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்று என்னைக் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

ஊர் சும்மா இருக்கவில்லை. நோயில்லாத பிள்ளையை வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள் என்றால் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிவிட்டார்கள். நான் பலகையின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்தேன். இடம் தாராளமாக இருந்தது. அத்தை ஒரு நாள் ஆத்தாவிடம், "நாளைக்கு இவள எவன் கட்டுவான்?" என்று கேட்டார். "கட்டுறவன் கட்டட்டும் மதினி. மொதல்ல இவ இருக்கணும்ல" என்றாள் ஆத்தா. நாத்தனாரை அவள் எதிர்த்துப் பேசி அப்போதுதான் கேட்டேன்.

பஸ்ஸில் ஆத்தா எதுவும் கேட்க மாட்டாள். கேட்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வாயைத் திறப்பாள், மூடுவாள், வெளியே பார்ப்பாள், ஒரு கடலை மிட்டாயை உடைத்துப் பாதியை என் கையில் வைப்பாள்.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை நர்ஸம்மாவிடம் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். ஆட்டத்தை முடித்ததையும் சொன்னேன். உன் மேல் தப்பில்லை என்று அவர் உடனே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் துணி சுற்றுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். கிணறு எவ்வளவு தூரம்? ஓடினால் எவ்வளவு நேரம் ஆகும்? உனக்கு நீந்தத் தெரியுமா? தெரியாது. அதற்கு முன்னால் அங்கே தேங்காய் விழுந்து கேட்டிருக்கிறாயா? தினமும். அன்றைக்கு அங்கே எத்தனை பேர் இருந்தார்கள்? பத்துப் பதினைந்து பேர். நான் பதில் சொல்லச் சொல்ல, அந்த நாள் எனக்குள் மெல்ல விரிந்தது. அதுவரை அதில் நானும் கிணறும் மட்டும்தான் இருந்தோம். இப்போது அதில் ஆட்கள் தெரிந்தார்கள், தென்னை மரங்கள் தெரிந்தன.

"இத வீட்டுல சொல்லலாமா?" என்றார் கடைசியில்.

"மாட்டேன்."

"சரி" என்றார். அந்த 'சரி'க்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

ஆடியில் ஆத்தாவுக்கு மலைக்காய்ச்சல். அந்தச் செவ்வாய்க்கிழமை என்னைக் கூட்டிப் போக ஆளில்லை. போக வேண்டாம் என்றார் அத்தை. படுத்துக் கிடந்த ஆத்தா அப்பாவைப் பார்த்து, "நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். புளியமரத்தடி நாளுக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது கிடையாது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அப்பா கதவோரம் நின்றார். "உக்காருங்க" என்று இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"அன்னைக்குப் பையனப் பாத்துக்கச் சொன்னது யாரு?"

"நாந்தாங்க."

"இவளுக்கு அப்ப என்ன வயசு?"

"பதினொண்ணு."

"சரி. வெளிய இருங்க" என்றார். அப்பா எழுந்து போனார். போகும்போது கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டது. எனக்கு நர்ஸம்மா மேல் கோபம் வந்தது. எங்க அப்பாவை ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று கேட்டேன். "கேட்டதுல தப்பு இருந்தா அவரு எங்கிட்டச் சொல்லட்டும்" என்றார்.

ஆலங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் நடந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. ஒரு மைல் வரை அப்பா முன்னால், நான் பின்னால். பிறகு அவர் நடையைக் குறைத்து என்னோடு சேர்ந்துகொண்டார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் கெணத்துக்குச் செவரு வைக்கச் சொல்லி ஒங்க ஆத்தா மூணு வருசமாச் சொல்லிக்கிட்டிருந்தா. அடுத்த வெள்ளாமையில பாப்பம், அடுத்த வெள்ளாமையில பாப்பம்னு நாந்தான் விட்டுட்டேன்."

நான் நின்றேன். இனி சொல்லாமல் ஓர் அடிகூட வைக்க முடியாது என்று தோன்றியது.

"அப்பா, எனக்குச் சத்தம் கேட்டுச்சு. அவன் விழுந்தது கேட்டுச்சு. தேங்கான்னு நெனச்சேன். நான் போகல."

அப்பா என்னையே பார்த்தார். ரோட்டோரத்து வரப்பில் உட்கார்ந்தார். அடுத்து என்ன வரும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. வண்டிக்காரர் என்ன ஆச்சு என்று விசாரித்தார். அப்பா கையால் ஒன்றுமில்லை என்று காட்டி அனுப்பினார்.

"எனக்கும் கேட்டுச்சு தாயி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"எனக்கும் கேட்டுச்சு. நானும் தேங்கான்னுதான் நெனச்சேன். பொழுதோட போய்ப் பொறுக்கிக்கிருவம்னு நெனச்சேன். இத இன்னவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. ஒங்க ஆத்தாகிட்டயும் சொல்லல."

நாற்பது வயது ஆள், பெரிய மீசை. வரப்பில் உட்கார்ந்து துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலாக எதுவும் சொல்லக் கூடாது, முழுசாகக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் சும்மா இருந்தேன்.

அன்றைக்கே வீட்டில் எல்லோர் முன்னாலும் அப்பா அதைச் சொன்னார். தனக்குக் கேட்டதையும் சொன்னார், எனக்குக் கேட்டதையும் என்னிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு சொன்னார். ஆத்தா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்தாள். அவளும் கடலை ஆய்ந்துகொண்டு அங்கேதான் இருந்தாள். ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்ததால் தனக்குக் கேட்கவில்லை என்றாள். கேட்டிருந்தால் நானும் தேங்காய் என்றுதான் நினைத்திருப்பேன் என்றாள். அத்தை எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அவருக்கும் கேட்டதா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. நான் கேட்டதில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன், சொல்லவில்லை.

நான் கிணற்றுக்கு ஓடுவது ஒரே நாளில் நிற்கவில்லை. குறைந்தது. ஓடும்போது அப்பா வீட்டில் இருந்தால் அவரும் கூடவே வருவார். இரண்டு பேரும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். ஊரார் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா அவர்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நடப்பார். அந்த ஆவணியில் கிணற்றைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுந்தது. நர்ஸம்மாவிடம் அடுத்த பொங்கல் வரை போனோம். பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவர் எனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. சுற்ற வேண்டிய துணி இன்னும் நாலு பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுப் போ என்றார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் நாங்களெல்லாம் திருச்சி ஜில்லாவாகிவிட்ட வருஷம், எனக்குப் பதினேழு. கீரனூர்ப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வசதியான குடும்பம், அத்தையே தேடிப் பிடித்த இடம். பன்னிரண்டு பேருக்கு இலை போட்டு, வடை பாயசத்தோடு சமையல். பையனின் தாயார் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு நல்லவிதமாகத்தான் பேசினார். பிறகு அத்தையைப் பார்த்து, "சின்ன வயசுல இதுக்குக் கோடாங்கி வச்சுப் பாத்ததா யாரோ சொன்னாக. மனசுல வச்சுக்கிட்டுப் போறதவிடக் கேட்டுரலாம்னு கேக்குறேன்" என்றார்.

அத்தை நொடிகூடத் தாமதிக்கவில்லை. "காய்ச்சல்ல பினாத்துச்சுங்க, ரெண்டு நாள். அதுக்குத்தான் மந்திரிச்சது" என்றார்.

எனக்காகச் சொன்ன பொய். வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கே பூ வைத்திருப்பார்கள். அப்பாவைப் பார்த்தேன், ஆத்தாவைப் பார்த்தேன். இருவரும் என்னைத் தடுக்கிற மாதிரி எதுவும் செய்யவில்லை.

"இல்லீங்க" என்றேன். "எந்தம்பி கெணத்துல விழுந்து செத்துப்போனான். நாந்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம் எனக்கு மனசு சரியில்லாமப் போச்சு. கோடாங்கி அடிச்சாரு, அதுல புண்ணுதான் ஆச்சு. எங்க ஆத்தா புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஒரு வருசம் கூட்டிக்கிட்டுப் போனாக. அங்க ஒரு நர்ஸம்மாகிட்டப் பேசிப் பேசித்தான் சரியாச்சு."

அந்த அம்மாள் மெதுவாக என் கையை விட்டார். அப்பாவிடம் திரும்பி, "நெசமாங்க?" என்றார்.

"எம்மக சொன்னது அத்தனையும் நெசம்" என்றார் அப்பா. "இன்னும் எதுவும் கேக்கணும்னா அவகிட்டயே கேளுங்க. நல்லாச் சொல்லுவா."

அவர்கள் எதுவும் கேட்கவில்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, வண்டி காத்திருக்கிறது என்றார்கள். அத்தை என்னோடு நாலு நாள் பேசவில்லை. அடுத்த வருஷம் நான் டவுனில் வாத்தியார் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வயதில் கல்யாணம் ஆனது. கட்டிக்கொண்டவரிடம் எல்லாவற்றையும் முதலிலேயே நான் சொல்லியிருந்தேன். அவர் கேட்டுவிட்டு, அந்தச் சுவரை எப்போது கட்டினீர்கள் என்று மட்டும் கேட்டார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு, அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் ஆத்தா உள்ளே போய் அடுப்பைத் தணித்தாள். கூடத்தில் பன்னிரண்டு இலை விரித்தபடி கிடந்தது. அப்பா வாசலுக்குப் போய், எதிர்வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தவரை, "வீட்டுல எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுச் சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார்.

"என்ன விசேஷம்?" என்று அவர் கேட்டார்.

"விசேஷமெல்லாம் இல்லங்க. எலை போட்டிருக்கு, வாங்க" என்றார் அப்பா.